பூட்டு பாயின் மூன்றாவது அறை

பூட்டு பாயைப் போல யாரையும் நம்பாத மனிதர் ஆம்பூரில் இன்னும் பிறக்கவில்லை. பேனாவைக்கூட நூல் கட்டி மேசையோடு முடிச்சுப் போட்டிருப்பார். எங்கள் தோல் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவு மொத்தமும் அவர் ஒருவர்தான். நான் ஏற்றுமதிப் பிரிவு குமாஸ்தா. வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரன்.

எங்கள் சர்வர் கிளவுடில் வாடகைக்கு எடுத்த ஒரே மெஷின். அதற்குள் பாய் மூன்று அறைகள் தடுத்திருந்தார்: ஆர்டருக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, கழிவுநீர்த் தொட்டியின் விஷவாயு மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி விலாசம், தனி வாசல். அறைக்கு அறை போக வழி கிடையாது. காகிதம் கிழியும் என்று, இந்த அறைகளின் வரைபடத்தைக் கழித்துப்போட்ட ஆட்டுத்தோலில் வெள்ளிப் பேனாவால் வரைந்து சுவரில் மாட்டியிருந்தார். புது வழி வேண்டுமானால் காரணம் எழுதிச் சீட்டு தர வேண்டும்.

"பாய், ஆர்டர் ரூம்லேர்ந்து வருகை ரூமுக்கு ஒரு வழி உடுங்க. ரெண்டு தபா டைப் அடிச்சு பேஜாரா இருக்குது."

"எதுக்குன்னு எழுது."

'சோம்பேறித்தனம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"உண்மைதான். அதுக்காகவே கிடையாது, போ."

"அந்த மூணாவது ரூம்ல இன்னா பாய், புதையலா?"

"என் தம்பி இருக்கான்."

வேறொரு தோல்ஷாப்பில் தொட்டி அடைப்பெடுக்க இறங்கிய தம்பியைப் பிணமாகத்தான் தூக்கினார்கள் என்று பிறகு மேஸ்திரி சொன்னார்.

பாய் ஒரு கல்யாணத்துக்குப் பேரணாம்பட்டு போனார். அவசரத்துக்கென்று மேனேஜரிடம் கொடுத்திருந்த பாஸ்வேர்டு கவரை, அவசரம் என்று சொல்லியே வாங்கினேன். வழியை நானே திறந்தேன். மறுநாள் 'கப்பல் விவரம்' என்று வந்த மெயிலையும் நானே திறந்தேன். பத்து மணிக்குள் ஆர்டர் அறை முடங்கியது. நான் வெட்டிய வழியாகப் போய் வருகை அறையையும் அந்த வைரஸ் விழுங்கியது.

எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது மேஸ்திரியின் போன் அடித்தது. பேரணாம்பட்டிலிருந்து பாய். "என் போனுக்கு மீட்டர் அலாரம் வந்துச்சு! எவனையும் இறக்காத!" இரண்டு பேர் தொட்டி ஏணியில் கால் வைத்திருந்தார்கள். மூன்றாவது அறைக்கு வைரஸ் போக வழி இல்லாததால் அவர்கள் பிழைத்தார்கள்.

சாயங்காலம் முதலாளி கேட்டார்: "எவன்யா வழி தொறந்தது?"

ஓயாத என் வாய்க்கு அன்றுதான் ஓய்வு; கவரைக் கொடுத்த மேனேஜரும் தன் பங்குக்கு மூடிக்கொண்டார். அத்தர் வாசனையோடு அப்போதுதான் வந்து நின்ற பாய், "நான்தான் மொதலாளி" என்றார்.

அன்றே பாயின் வேலை போயிற்று. கேட் வரை ஓடினேன். "ஏன் பாய்?"

"உனக்கு மூணு பசங்க. நான் ஒண்டிக்கட்டை. அலாரத்த உன் போனுக்கு மாத்திட்டேன், தோஸ்த். சைலன்ட்ல போடாத."

"என்னையா நம்புறீங்க?"

"சோம்பேறித்தனம்னு எழுதிக் குடுத்த ஒரே ஆள் நீதான்."

முதலாளி, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: திறந்தது நான்.

போன மாதம் பாயை அடக்கம் செய்தோம். ஒரு பிடி மண்ணோடு நான் குனிந்தபோது என் சட்டைப் பை அலறியது. எல்லோரும் முறைத்தார்கள். மண்ணைக் கொட்டிவிட்டு வெளியே ஓடி மேஸ்திரியைப் போனில் பிடித்தேன்: "யாரையும் இறக்காதீங்க!"

திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. இன்னொரு பிடி மண் அள்ளிப் போட்டேன்.

"யாரும் இறங்கல, பாய்."