சேறு தெறிக்காத ஜீப்

வலது பக்கத்துப் பட்டை இரண்டுமே பொருந்தவில்லை. ஜெகதீஷ் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"டேய் இலியாஸ், ஓட்டை ஒரு பக்கம் இருக்கு, போல்ட் ஒரு பக்கம் இருக்கு. எப்படிடா இது?"

"இடது பக்கம் நல்லாத்தான உக்காந்துச்சு மச்சான்?" என்றான் இலியாஸ், டிரில்லிங் மிஷினை மடியில் கிடத்திக்கொண்டு.

சக்கரத்துக்கு மேலே குடைபோல் நீளும் கறுப்புப் பட்டைகள் அவை. பெங்களூர்க் கடைக்காரர் ஃபெண்டர் ஃப்ளேர் என்று பெயர் சொன்னார். எந்தச் சேற்றிலும் ஒரு சொட்டு வெளியே தெறிக்காது என்றும் சொன்னார். ஜெகதீஷின் கல்யாணமே அந்த ஒரு சொட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போன ஞாயிறு தளிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான். பெண்ணின் அப்பா நாராயணப்பனுக்கு ரோஜாத் தோட்டம். நாள் முழுக்கத் தோட்டத்தில் சுற்றினாலும் அவருடைய வெள்ளை வேட்டியில் ஒரு புள்ளி மண் இருக்காது. அவர் உட்காரவேண்டிய நாற்காலியை மனைவி செல்லி துடைத்தார். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி துடைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

மோகனப்ரியா காபி கொண்டுவந்தாள். ஜெகதீஷ் நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். காபியில் சர்க்கரை இல்லாதது ஓசூர் திரும்பி வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

ஜீப்பைக் கிளப்பும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. கேட்டடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. ஆசை ஆசையாக மாட்டிய அகல டயர்கள், வழியனுப்ப வந்த நாராயணப்பனைத் தலையோடு செம்மண்ணில் குளிப்பாட்டிவிட்டன. கோபம் வந்தால் அவர் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். அன்றைக்கு அதுவும் போதாமல் தெலுங்குக்கும் போனார். வீட்டுக்குள் யாரோ விம்முகிற சத்தம் கேட்டது. மோகனப்ரியாதான் அழுகிறாள் என்று ஜெகதீஷ் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் தரகர் பெரியதம்பி போன் பண்ணினார்.

"அவருக்கு இஷ்டமே இல்ல தம்பி. வீட்டம்மாதான் என்னமோ ஒரே பிடியா நிக்கிறாங்க. ஞாயித்துக்கெழம இன்னொரு வாட்டி வாங்க. ஆனா அந்த வண்டி மறுபடி சேறடிச்சா சம்பந்தமே கெடையாதுன்னுட்டாரு."

"நான் பஸ்ல வந்துடறேனே?"

"வண்டியிலதான் வரணுமாம். அவரே கேட்டுல நின்னு பாப்பாராம்."

ஜெகதீஷ் ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகன். இலியாஸும் மோகன்குமாரும் அதே ஷிப்ட். மூவரும் கம்பெனி முறைப்படியே வேலையில் இறங்கினார்கள். இடது சக்கரத்துக்கு அட்டையில் அச்சு வெட்டி, ஓட்டை போட்டு, பட்டையை வைத்தார்கள். கச்சிதம். "முதல் பீஸ் ஓகே" என்றான் ஜெகதீஷ். ஓகே ஆன பிறகு இலியாஸை யார் நிறுத்துவது? அதே அட்டையை வைத்து மிச்சச் சக்கரங்களுக்கும் துளைத்துத் தள்ளிவிட்டான். வலது பக்கத்துக்கு அட்டையைத் திருப்பி வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஓகே சொன்னது நீதானடா!"

"நான் ஒரு பீஸ்தான்டா பாத்தேன்!"

"கம்பெனியிலயும் ஒண்ணத்தான பாக்குற?"

மறுபடி துளைத்தார்கள். மட்கார்டு இட்லித்தட்டு போலாயிற்று. பட்டைகள் உட்கார்ந்தன. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் போல்ட் முனைகள் டயரைச் சுரண்டின. மோகன்குமார் யோசித்து, பட்டைகளுக்குள் கனத்த ரப்பர் கட்டைகளைச் செருகி வெளியே தள்ளினான். உரசல் நின்றது. ஜீப்தான் இறக்கை விரித்த கோழியைப்போல் அகன்றுவிட்டது.

"அகலமாயிடுச்சேடா!"

"நல்லதுதான் மச்சான். குடை பெருசாயிடுச்சுன்னு வச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை தளியில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கேட்டடியில் போன வாரத்தைவிடப் பெரிய குட்டை. கேட்டுக்கு உட்புறம் புத்தம்புது வெள்ளை வேட்டியில் நாராயணப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் குடையோடு பெரியதம்பி, முன்யோசனையாகக் கொஞ்சம் தள்ளி.

ஜெகதீஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு குட்டைக்குள் இறங்கினான். ஒரு சொட்டு தெறிக்கவில்லை. நாராயணப்பன் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

அப்போதுதான் 'கர்ர்ர்' என்று சத்தம் வந்தது. கேட்டின் இரண்டு கருங்கல் தூண்களுக்கு நடுவே பட்டைகள் இறுகிவிட்டன. வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"ரிவர்ஸ் போடுங்க தம்பி! நல்லா முறுக்குங்க!" என்று பெரியதம்பி கத்தினார்.

ஜெகதீஷ் ஃபோர் வீல் கியரைப் போட்டு ஒரே மிதியாக மிதித்தான். டயர்கள் குட்டைக்குள் வெறிபிடித்துச் சுற்றின. படார் என்று ஜீப் பின்னால் பாய்ந்தது. முன்பட்டைகள் இரண்டும் தூண்களிலேயே தங்கிவிட்டன. குட்டையிலிருந்த சேறு முழுக்கக் கிளம்பி நேராகப் போய் நாராயணப்பன் மேல் உட்கார்ந்தது.

கண் மட்டும்தான் தெரிந்தது. அவர் கன்னடத்தில் ஆரம்பிக்காமல் எடுத்த எடுப்பிலேயே தெலுங்குக்குப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று ஜெகதீஷ் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தான். வீட்டுப் பக்கமிருந்து அதே விம்மல் கேட்டது. பிறகு யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். நிமிர்ந்தான். செல்லி. ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு. மறுகையால் முந்தானையை வாயில் அழுத்தியிருந்தார். கண்ணில் நீர் முட்டி, தோள் குலுங்கியது.

"அத்தை, மன்னிச்சிடுங்க. எப்படியாவது அந்தப் பட்டைய மறுபடி மாட்டி..."

செல்லி அவசரமாகத் தலையாட்டி, முந்தானையை எடுத்துவிட்டு, பொங்கிய சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மாட்டிகீட்டித் தொலைச்சிராதீங்க மாப்ள. போன வாரம் அவரு மேல நீங்க சேறடிச்சீங்க பாருங்க, அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன், எம்பொண்ணு உங்களுக்குத்தான்னு!"