சிப்பாய் கேட்ட தலைவலி மாத்திரை

பொய் சொல்ல வராதவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் என்றைக்கு இருந்தேன்?

ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்த வருடம் அது. நானும் கணவரும் நசினுவில் ஆசிரியர்கள், இரண்டு பிள்ளைகள். நியூசிலாந்து விசாவுக்கு எக்ஸ்ரே ஒன்றுதான் பாக்கி. கர்ப்பமாகிவிட்டால் பிரசவம் வரை எக்ஸ்ரேயும் கிடையாது, விசாவும் கிடையாது. அந்த நேரம் பார்த்தா ஊரடங்கு! பொழுது சாய்ந்தால் எல்லோரும் வீட்டுக்குள். (வேறென்ன செய்வது, சொல்லுங்கள்?) ஆணுறை தீர்ந்துபோயிருந்தது. “ஒரு நாள்தானேடி, ஒண்ணும் ஆகாது” என்றார். கணக்கு வாத்தியாராயிற்றே என்று நம்பிவிட்டேன்.

காலையில் நாள் எண்ணிப் பார்த்தால், கருத்தரிக்கத் தோதான நாளேதான். நசினு மருந்துக்கடையில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்று மினிபஸ் பிடித்து நவுசோரிக்கு ஓடினேன். கடைக்காரப் பெண் கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரை இரண்டை உறையில் போட்டுக் கொடுத்தாள். “ஒண்ணு இப்பவே போடுங்க, இன்னொண்ணு பன்னிரண்டு மணி நேரம் கழிச்சு. மூணு நாளைத் தாண்டக் கூடாது.” அங்கேயே போட்டிருக்கலாம். தண்ணீர் கேட்க வெட்கம், மகாராணிக்கு!

திரும்பும் வழியில் ராணுவச் சோதனை. பக்கத்து சீட்டில் கோயில் காரியதரிசியின் மனைவி. சிப்பாய் என் பையிலிருந்து உறையை எடுத்து, அந்த ஊர் இந்தியில் கேட்டான்.

“இது என்ன, மரமா?” (அங்கே ‘அம்மா’வுக்கு அதுதான்.)

“தலைவலி மாத்திரை.”

அவன் முகம் மலர்ந்தது. “எனக்கும் காலையிலேர்ந்து மண்டை பிளக்குது. ஒண்ணு எடுத்துக்கறேன்.”

பிரித்தே விட்டான். இருப்பதே இரண்டு. மானமாவது, மண்ணாங்கட்டியாவது! அரைகுறை இந்தியில் கத்தினேன்: “பச்சா நை மாங்தா தவாய்!” (பிள்ளை வேண்டாம் மருந்து. இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்கு இந்தி போதாது.)

மினிபஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. சிப்பாய் தணலைத் தொட்டவன்போல மாத்திரையை என் கையில் போட்டான். “ஓய்லே!” (அவர்கள் மொழியில் ‘ஐயையோ’.) “இன்னும் முழுங்காம என்ன பண்றீங்க?” என்று தன் தண்ணீர் பாட்டிலையே நீட்டினான். அத்தனை பேர் முன்னால் விழுங்கினேன். அப்புறம் யார் பையையும் திறக்கவில்லை. வண்டியைத் தட்டி அனுப்பிவிட்டான்.

காரியதரிசி மனைவி என் காதருகே குனிந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

“எந்தக் கடை, டீச்சரம்மா? என் மருமவ நாலு பெத்து அலுத்துப்போய்ட்டா.”

“இது அவசரத்துக்குத்தாங்க. தினம் போடற மாத்திரையும் அங்கயே இருக்கு” என்றேன், சத்தமாகவே. பின்சீட்டுப் பெண்கள் இருவரும் கடை பெயரைக் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்தில் மாதவிலக்கு வந்தது. வயிற்றுவலிக்காக நான் ஆனந்தக் கூத்தாடியது அன்றுதான். எக்ஸ்ரே எடுத்தோம், விசா வந்தது, கிளம்பினோம்.

இன்றும் ஆக்லாந்தில் எங்கள் வீட்டில் யாருக்குத் தலைவலித்தாலும் அப்பாவிடம்தான் மாத்திரை கேட்பார்கள். “அம்மாகிட்ட கேக்காதீங்க, ராணுவமே வாங்கப் பயந்தது” என்பான் மூத்தவன், சம்பந்தி வீட்டார் முன்னாலேயே.