கழுதைக்காதில் அனுமதிக்கப்பட்ட ஒரே குரல்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அது எந்த இடத்தில் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். வரும்போது நானே சொல்கிறேன். அதுவரை முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் மாவட்ட நிர்வாகம் சம்பந்தப்பட்டது.

முதலில் விதி. இந்த வசந்தத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து மௌன நடை கற்றுக்கொடுக்கும் ஆசான் ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். இப்போது மௌனம்தான் மோஸ்தர். போன வருஷம் ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் ஆட்டுக்குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு யோகா செய்தார்கள். இந்த வருஷம் காசு கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள். ஆசான் கழுதைக்காதுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, கீழேயிருந்து யாரோ "கயிற்றை விட்டேன்" என்று கத்தினார்கள். ஆசானின் மௌனம் கலைந்தது. கலைந்துவிட்ட செய்தியை நாடு முழுவதும் கேட்கும்படி அறிவித்தார்.

மாவட்ட நிர்வாகம் உடனே 'பள்ளத்தாக்கு ஒலி மாண்பு விதிகள்' என்று ஒன்றைப் பிறப்பித்தது. பள்ளத்தாக்கில் இருக்கும் எவரும் குரல் எழுப்பலாகாது. அவ்வளவுதான் விதி. மற்ற பக்கங்களெல்லாம் முன்னுரை.

கத்தியது நான்தான். அது என் வேலை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தெற்கு மூலையில் என் அம்மா டார்லா ஆல்ரெட், ஆட்களை ஒரு நாள் பயணமாகக் கழுதைக்காதுக்கு அழைத்துப்போகிறாள். காலையில் ஜிப்லைன்: ஒரு செம்பாறை விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கலாம். மதியம் கயிற்றிறக்கம்: இடுப்புப் பட்டையில் கயிற்றை மாட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் பின்பக்கமாக நடந்து இறங்கலாம். பாறை நடுவில் தொப்பை போட்டிருக்கிறது. அதனால் மேலே நிற்பவருக்குக் கீழே நிற்பவர் தெரியமாட்டார். இறங்கியவர் கயிற்றைக் கழற்றியதும் கீழேயிருந்து "கயிற்றை விட்டேன்" என்று குரல் வர வேண்டும். அது வராமல் அம்மா அடுத்த ஆளைக் கயிற்றில் மாட்டமாட்டாள். மாநில ஆளுநரே வரிசையில் நின்றாலும் நிற்க வேண்டியதுதான்.

இப்போது அந்தக் குரலுக்குத் தடை. சத்தமில்லாமல் ஒரு சோதனைப் பயணம் நடத்திக் காட்டி, ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால்தான் இந்தப் பருவத்துக்கு உரிமம். போடாவிட்டால் எங்கள் கம்பிகளில் குருவிதான் உட்காரும்.

ஆய்வாளர் வெண்டல் ஹாஃபென். உண்மையில் துணை ஆய்வாளர். தேவாலயத்தில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காருவார். எதைச் சொல்வதானாலும் மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டு, "பதிவுக்காக" என்று ஆரம்பிப்பார். உப்பு வேண்டுமென்றாலும் அப்படித்தான். அவர் மனைவி உப்பை முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிடுவார்.

என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பெயர் ரேலின், வயது பதினாறு, எனக்கு எந்தக் குரலும் வரும். பாதிரியார், பள்ளி முதல்வர், பழுதான குளிர்சாதனப் பெட்டி, பேதமே கிடையாது. வீட்டில் இதைத் திறமை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

சோதனை நாள் வந்தது. நாங்கள் மூவர் மட்டும். ஜிப்லைன் மேடையில் ஹாஃபென் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டார்.

"ஹ்ம். ஹ்ம். ஹ்ம். பதிவுக்காக. கம்பியில போறப்ப யாரும் கத்தக் கூடாது."

"கத்தணும்னு நினைச்சு யாரும் கத்துறதில்ல சார். அதுவா வரும்," என்றாள் அம்மா.

"வராது. விதி இருக்கு."

அம்மா அவரைத் தள்ளிவிட்டாள். பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு சத்தம் கேட்டது. கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை அந்த மாதிரிச் சத்தம் போடும். அடுத்த மேடையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"பதிவுக்காக. அது காத்து."

"ஒரு இலைகூட ஆடலியே சார்."

"அது மேல் காத்து. இலை இருக்கிற உயரத்துல வீசாது."

அப்படியே பதிவாயிற்று. சிரிப்பு இது இல்லை. இன்னும் தூரம் இருக்கிறது.

மதியம் கயிற்றிறக்கத்துக்கு வந்தோம். ஹாஃபென் பையிலிருந்து நீளக் கழியில் கட்டிய இரண்டு கொடிகளை எடுத்தார். குரலுக்குப் பதில் கொடி. கீழே இறங்கியவர் கழியைப் பாறைத் தொப்பைக்கு வெளியே நீட்டி ஆட்டுவார். மேலே இருப்பவர் பதில் கொடி ஆட்டுவார். பதில் கொடியைப் பார்த்த பிறகே கயிற்றைக் கழற்றலாம்.

அம்மா கொடியை விரித்துப் பார்த்தாள். பாறைக்கு முன்னால் பிடித்தாள். தள்ளிப் பிடித்தாள்.

"சார், கொடி பாறை நிறத்துலயே இருக்கே."

"ஆமா. நிறக் குழு மூணு கூட்டம் போட்டு முடிவு பண்ணாங்க. சிவப்பு வச்சா இயற்கைக் காட்சி கெட்டுப்போகும்னு."

"கண்ணுக்குத் தெரியாதே."

"அதைத்தான் கேட்டு வாங்கினோம். காட்சியில கலந்துடணும்."

"கலந்துட்டா நான் எதைப் பாக்குறது?"

"டார்லாம்மா, நீங்க கொடியை நம்பணும்."

"நான் கயிறைத்தான் சார் நம்புறேன். என் கண்ணுக்குக் கொடி தெரியலைன்னா நான் பதில் கொடி ஆட்டமாட்டேன். உங்க விதிதானே?"

"என் விதிதான்," என்றார் ஹாஃபென், பெருமையாக.

நான் முதலில் இறங்கினேன். உள்ளூர் ஆள், வயது குறைவு, கணக்கில் வராது என்று எனக்குக் கொடியிலிருந்து விலக்கு. அடுத்து ஹாஃபென் இறங்கினார். நன்றாகவே இறங்கினார், அதையும் சொல்ல வேண்டும். தரையில் கால் வைத்ததும் கழியை நீட்டிக் கொடியை ஆட்டினார். மேலேயிருந்து பதில் இல்லை. மறுபடி ஆட்டினார். மேலே அம்மா காகிதத்தைப் பிரித்து ஹாம் சாண்ட்விச் சாப்பிடுகிற சத்தம் மட்டும் வந்தது.

வெயில் நேராகத் தலைமேல் நின்றது. கயிற்றைக் கழற்ற அவருக்கு அனுமதி இல்லை. கத்தவும் அனுமதி இல்லை. கட்டிப்போட்ட மாடு மாதிரி கயிற்றின் நீளத்துக்கு நடந்தார், திரும்பி வந்தார்.

"சார், நான் வேணா ஒரு குரல் குடுக்கவா?" என்று கிசுகிசுத்தேன்.

"பாப்பா, நீ குரல் குடுத்தா சோதனை தோல்வி. உங்க அம்மாவுக்கு உரிமம் கிடையாது." முகம் துடைத்துக்கொண்டார். அவருக்கும் வருத்தம்தான். "எனக்கு மட்டும் ஆசையா? மேலிடத்துலேர்ந்து வார்த்தை வந்தா ஒழிய நான் என்ன பண்ண முடியும்?"

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று பெரிய பாறைக்குப் பின்னால் போனேன். என் பையில் அம்மாவின் பழைய வாக்கி-டாக்கி இருந்தது. மாவட்ட அலுவலகத்தின் அலைவரிசை ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலங்களில் எங்களுக்கு அதுதான் நாடகம். கழுதைக்காதின் அடியிலிருந்து அலை வெளியே போகாது என்பதும் எல்லோருக்கும் தெரியும், அலுவலகத்தைத் தவிர.

"அலுவலகம். ஹாஃபென் பேசுறேன்," என்று அவர் தன் கருவியில் கிசுகிசுத்தது கேட்டது. "ஆணையர் மேடம் இருக்காங்களா?"

ஆணையர் ஆர்வெல்லா ஸ்டக்கி எப்போதும் புதினா மிட்டாய் வாயில் வைத்திருப்பார். அது பல்லில் 'டக்'கென்று தட்டும். பிறகுதான் பேச்சு வரும். நான் நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை தட்டினேன்.

"தெளிவுக்காகச் சொல்றேன், ஹாஃபென். நான்தான் பேசுறேன்."

பாறைக்கு அந்தப் பக்கம் அவர் நிமிர்ந்து நின்றார். கயிறு விறைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"மேடம், பதில் கொடி வரல."

"அது இருக்கட்டும். பள்ளத்தாக்கு மௌனமா இருக்கா?"

"பூரண மௌனம் மேடம்."

அந்த நேரம் பார்த்து ஓர் அண்டங்காக்கை கரைந்தது.

"அது என்ன?"

"அண்டங்காக்கை மேடம்."

"விதியில என்ன எழுதியிருக்கு?"

"'பள்ளத்தாக்கில் இருக்கும் எவரும்'."

"காக்கா எங்க இருக்கு?"

"பள்ளத்தாக்குலதான் மேடம்."

"அப்புறம் என்கிட்ட என்ன கேள்வி? எச்சரிக்கை குடுங்க."

நான் பாறை ஓரமாக எட்டிப் பார்த்தேன். ஹாஃபென் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு மேலே பாறைத் திட்டைப் பார்த்தார். மூன்று முறை செருமினார். "பதிவுக்காக. நீ யாரா இருந்தாலும், இது முதல் எச்சரிக்கை," என்று மிகுந்த மரியாதையோடு கிசுகிசுத்தார். காக்கை ஒரே ஒருமுறை, தணிந்த குரலில் கரைந்தது. அதன்பின் சத்தமே இல்லை.

"மேடம்," என்றார். குரல் தழுதழுத்தது. "கேட்டுக்கிச்சு."

"நல்லது. இப்ப அடுத்தது. எவ்வளவு சத்தம் மாண்புக்குக் கேடுன்னு அளந்து பாத்தீங்களா?"

"சத்தம் தடை மேடம். சத்தமே இல்லாம எப்படி அளக்கிறது?"

"அதான் கேக்குறேன். அளக்காம எப்படித் தடை பண்ணீங்க? தெளிவுக்காகச் சொல்றேன். நீங்களே கத்துங்க. முழு பலத்தோட. என்ன கத்தணும்னு உங்களுக்கே தெரியும்."

"உத்தரவு எழுத்துல..."

டக். "ஹாஃபென்."

அவர் கருவியைக் கீழே வைத்தார். மூச்சை இழுத்தார். அலுவலக நாற்காலியில் அத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"பதிவுக்காக! கயிற்றை விட்டேன்!"

எதிர்ச் சுவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பள்ளத்தாக்கின் வளைவுகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போயின. முடிந்ததும் மேலேயிருந்து அம்மா நிதானமாக, "இன்னும் விடலியே சார், கொக்கியைக் கழட்டுங்க முதல்ல," என்றாள்.

கழற்றினார். அம்மா இறங்கி வந்தாள். நான் பாறைக்குப் பின்னாலிருந்தே கடைசியாக ஒருமுறை டக்கினேன். "கேட்டேன், ஹாஃபென். கம்பீரமான சத்தம். இதை அனுமதிக்கலாம்." அவர் காது சிவந்துபோயிற்று. உரிமத்தில் கையெழுத்துப் போட்டார். பயணம் முடிந்ததும் அம்மா எல்லோருக்கும் கொடுக்கும் பச்சை ஜெல்லியைக்கூட இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இங்கேயே சிரித்துவிடலாம் என்றுதான் அன்று நானும் நினைத்தேன்.

ஹாஃபென் அறிக்கை அனுப்பினார். 'தங்கள் வாய்மொழி ஆணைப்படி' என்று ஆரம்பித்து, காக்கை வரை ஒன்றையும் விடவில்லை. உண்மையான ஸ்டக்கி மேடம் அதைப் படித்தார். அன்று மதியம் அவர் அலுவலகத்திலேயே இல்லை. தலைமைப் பண்புக்கான மௌனப் பயிற்சியில், அதாவது வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை, இருந்தார். 'நான் ஆணையிடவில்லை' என்று அவர் சொன்னால், 'அப்போது எங்கே இருந்தீர்கள்' என்று கேட்பார்கள். ஆகவே சாயங்கால நாடகத்தில் அவர் குரல் கணீரென்று வந்தது.

டக். "ஆமா, நான்தான் சொன்னேன். தெளிவுக்காக இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன்."

சேர்த்தார். திருத்திய விதி எங்கள் கதவில் ஒட்டப்பட்டது. பள்ளத்தாக்கில் எவரும் குரல் எழுப்பலாகாது. சோதித்து ஏற்கப்பட்ட குரல் நீங்கலாக. சோதித்து ஏற்கப்பட்டது துணை ஆய்வாளர் ஹாஃபெனின் குரல். அதே தடிப்பு, அதே இழுப்பு, அதே சொற்கள், முன்னால் மூன்று செருமல். மனிதரின் பேச்சு, கூப்பாடு, சிரிப்பு எதுவானாலும் அந்தக் குரலிலேயே அமைய வேண்டும். அண்டங்காக்கைக்கு நற்சான்று வழங்கப்பட்டது.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அம்மாவுக்கு அந்த மதியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

"எல்லாரு குரலும் வரும்னு பீத்திக்குவல்ல," என்றாள். "வா. நாளைலேர்ந்து நீதான் ஹாஃபென்."

"அம்மா, லீவுக்கு ஏரிக்குப் போறோம்னு சொன்ன."

"ஹாஃபென் சார் ஏரிக்கெல்லாம் போமாட்டாரு."

என் தோழிகள் ஏரியில் நீந்தினார்கள். நான் கோடை முழுக்கப் பள்ளத்தின் அடியில் நின்று, இறங்குகிற ஒவ்வொருவருக்காகவும் மூன்று முறை செருமினேன். மௌன மோஸ்தர்க்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அந்தக் குரலில் ஆழம் இருக்கிறதாம். அதைக் கேட்கவே வந்தார்கள். ஹாஃபெனோ ஞாயிறுதோறும் தேவாலயத்தில் காக்கையைப் பற்றிப் பேசினார். "இத்தனை வருஷ வேலையில எத்தனை பேருக்கு எச்சரிக்கை குடுத்திருக்கேன். முதல் தடவையே கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதான்," என்பார். நற்சான்றின் நகல் அவர் வீட்டுச் சுவரில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், மாட்டியிருந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள், திடீர் ஆய்வுக்காக அவர் பள்ளத்தாக்கின் மணல்வழியே நடந்து வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஒருவர் இறங்கிக் கயிற்றைக் கழற்றினார். நான் செருமினேன். "பதிவுக்காக! கயிற்றை விட்டேன்!"

வளைவுகள் சொல்லி முடித்தன. திரும்பினால் ஹாஃபென். தன் குரல் தூரத்தில் தேய்ந்து மறைவதை, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நல்லாருக்கு பாப்பா," என்று கிசுகிசுத்தார். "அச்சு அசல் நான்தான்."

"நன்றி சார்."

"நேத்து ஒருத்தர் சொன்னாரு. இங்கேர்ந்து அலுவலகத்துக்கு அலையே போகாதாமே."

"அப்படியா சார்."

அவர் பார்வை என் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கிக்கு இறங்கியது. பிறகு பெரிய பாறைக்குப் போனது. திரும்ப என் வாய்க்கு வந்தது. அங்கேயே நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் நாக்கைத் தட்டிவிட்டேன். டக்.

நான் சொன்ன இடம் இதுதான். ஆனால் விதிப்படி இங்கே சிரிப்பதானால் ஹாஃபெனின் குரலில்தான் சிரிக்க வேண்டும். ஹாஃபென் சிரித்து இந்த மாவட்டத்தில் யாரும் கேட்டதில்லை. ஏற்கப்பட்ட சிரிப்பு என்று ஒன்றே கிடையாது. ஆகவே நானும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி, மேலே காலியாக இருந்த பாறைத் திட்டை வெகுநேரம் பார்த்தார்.

"பாப்பா," என்றார். செருமவில்லை. "அந்த அண்டங்காக்கை?"