பரணேறிய லீவு

இந்த லீவுக்கு வீட்டை விட்டு ஒரு அடிகூட நகர்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நானாக எடுத்த முடிவு. கல்யாணமானதிலிருந்து நானாக எடுத்த முடிவுகளை விரல் விட்டு எண்ணலாம். கட்டைவிரலைத் தாண்டாது.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் ஜனங்களை ஏற்றி விடுவது என் வேலை. வீட்டில் என்னை இறக்கி விடுவது என் மனைவியின் வேலை. இரண்டு பேருமே தொழிலில் கெட்டிக்காரர்கள்.

வெள்ளி, சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். இதே ஊரில்தான் குடியிருக்கிறோம், ஊரில் ஒன்றையும் பார்த்ததில்லை, எதிர்வீட்டு டைலர் பெண்டாட்டி மியூசியத்தையே ரெண்டு தடவை பார்த்துவிட்டாள் என்றாள்.

நேருக்கு நேர் மறுத்தால் தோற்றுப்போவேன் என்பது அனுபவம். அதனால் மறுக்கவில்லை. தாராளமாகப் போகலாம், எங்கே என்று நீயே சொல் என்றேன். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு இடத்தையும் பாசத்தோடு தீர்த்துக் கட்டினேன்.

உச்சியிலிருந்து ஊரையே பார்க்கிற டவருக்குப் போகலாம் என்றாள். அந்த லிஃப்டின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தவன் நான், அதில் உன்னை ஏற்ற எனக்கு மனசு வராது என்றேன். உண்மையில் அது தங்கமான லிஃப்ட். போன மாதம் சர்வீஸ் செய்ததே நான்தான்.

மியூசியமா? லீவு நாளில் அங்கே சிலைகளைப் பார்க்க முடியாது, முன்னால் நிற்கிறவன் முதுகைத்தான் பார்க்கலாம். மிருகக்காட்சி சாலையா? இந்த வெயிலுக்குப் புலியே நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாம் வெயிலில் நின்று அதைப் பார்த்தால், யாருக்கு அறிவு அதிகம் என்று புலி யோசிக்காதா? கடைசியாக, ஆற்றில் படகு சவாரி என்றாள். உனக்குத் தலை சுற்றுமே என்றேன். தனக்கு ஒரு நாளும் சுற்றியதில்லை என்றாள். சுற்றினால் என்னால் தாங்க முடியாது என்றேன்.

அவள் என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"சரிங்க. நீங்க சொல்றதுதான் நியாயம். வீட்லயே இருந்துடலாம்" என்றாள்.

இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். இத்தனை வருஷமாக இந்த உத்தியைக் கையாளாமல் போனேனே என்று வருத்தமும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து, காலை நீட்டினேன். நீட்டிய காலுக்குப் பக்கத்தில் ஒரு ஏணி வந்து நின்றது. ஏணியைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நின்றாள்.

வீட்டில் சும்மாதானே இருக்கிறோம், பரணை ஒரு தடவை பாருங்களேன் என்றாள். பார்த்தால் மட்டும் போதுமா என்று கேட்டேன். பார்த்ததையெல்லாம் இறக்கினால் போதும் என்றாள்.

ஏறினேன். என்றைக்காவது உதவும் என்று நானே சேர்த்து வைத்த கம்பிவடம், கப்பி, பட்டன் பலகை, ஓடாத மோட்டார். அத்தனையும் லிஃப்ட் சாமான். அதை இறக்கத்தான் லிஃப்ட் இல்லை. ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து இறங்கினேன். அவள் ஒவ்வொன்றையும் துடைத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு இது இருக்கட்டும், மேலேயே வைத்துவிடுங்கள் என்றாள். அடுத்து அலமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்ற வேண்டுமாம். நாளைக்குக் குளியலறைக்குச் சுண்ணாம்பாம். ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

மத்தியானத்துக்குள் தும்மித் தும்மி மூக்கு மிளகாய்ப்பழமாகிவிட்டது. பரண் விளிம்பிலிருந்து தலையை நீட்டினேன்.

"ஏம்மா, மியூசியம் போயிட்டு வரலாமா?"

"வேணாங்க. எவன் முதுகையோ எதுக்குப் பார்க்கணும்?"

"டவருக்கு?"

"அந்த லிஃப்ட்ல உங்களை ஏத்த எனக்கு மனசு வராது."

அது நல்ல லிஃப்ட்தான், நானே சர்வீஸ் செய்தது என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் நேற்றுச் சொன்னது என்ன என்று கேட்டாள். நல்லவேளையாக அப்போது ஒரு தும்மல் வந்து காப்பாற்றியது. புலியைப் பற்றி நான் வாய் திறக்கவேயில்லை. புலி பக்கம்தான் நியாயம் என்று எனக்கே பட்டது.

படகு என்று இழுத்தேன். அவள் உடனே மறுக்கவில்லை. தலை சுற்றுமே என்றாள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். ரெண்டே பேர் போனால் நன்றாகவா இருக்கும் என்றாள். பரணில் இருப்பவன் பேரம் பேசக்கூடாது. உன் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொள்ளலாம் என்றேன். அவள் யோசித்தாள். உன் தம்பி குடும்பத்தையும்தான் என்றேன். இன்னும் யோசித்தாள். மூன்று நாளும் அவர்களோடு ஊரைச் சுற்றலாம் என்று முடித்தேன்.

"உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா, உங்களுக்காக வரேன்."

வேண்டாம் என்றவளைப் பேசியே சம்மதிக்க வைத்துவிட்டேன். இறங்கும்போது என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. முகம் கழுவி, சட்டை மாற்றி, ஏணி மறுபடி வருவதற்குள் அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உன் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லேன் என்றேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

படகுத்துறையில் இறங்கினோம். மாமனார், மாமியார், மச்சான், அவன் மனைவி எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கையில் எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட். நான் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்தாள்.

மாமனார் எழுந்து வந்து, என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒட்டடையை அக்கறையாக எடுத்துப் போட்டார்.

"என்ன மாப்பிள்ளை இவ்வளவு லேட்டு? காலையிலேயே இறங்கி வந்துடுவீங்கன்னு பொண்ணு சொன்னா. பரண்ல சாமான் ஜாஸ்தியோ?"