பெட்டிசம் காக்கா தம்மீதே எழுதிய பெட்டிசம்

எங்கள் கரையோரத்தில் ஓர் அரசாங்க அலுவலகம் இருந்து, அதில் ஓர் அலுமாரியும் இருக்குமாயின், அந்த அலுமாரிக்குள் பெட்டிசம் காக்காவின் கையெழுத்து இருந்தே தீரும். இதில் எனக்கு ஐயமில்லை. முறையீடு என்றோ விண்ணப்பம் என்றோ சொல்லிப் பழகுமாறு, பழைய தமிழ் வாத்தியாரான நான் தெருவாரிடம் பல்லாண்டுகள் மன்றாடியிருக்கிறேன். எவரும் கேட்கவில்லை. அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம்; பெட்டிசம் எழுதுகிறவர் பெட்டிசம் காக்கா. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரை அவர் மனைவியே மறந்திருந்தார்.

ஊரிலே அவர் எழுத்துக்குத் தப்பியவர் குறைவு. சுபஹுத் தொழுகைக்கு முன்னரே கூவிய மைத்துனரின் சேவல்மீது எழுதினார். என் வீட்டு முருங்கையிலிருந்து மயிர்க்கொட்டிகள் எல்லை கடந்து வருவதாக என்மீது எழுதினார். எழுதியதைப் பிழை திருத்தித் தருமாறு என்னிடமே கொண்டுவந்தார். எங்கள் ஊருக்குப் புகையிரதம் கிடையாது; பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. காக்காவோ, புகையிரதம் மிகவும் தாமதமாகிறது என்று திணைக்களத்துக்கு எழுதினார்.

"காக்கா, வராத ரயில் எப்பிடித் தாமதமாகும்?" என்றேன்.

"சேர், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பாத்துட்டு இரிக்கம். இன்னும் வரல்ல. இது தாமதமில்லாம வேற என்ன?"

திருத்த ஒன்றும் இருக்கவில்லை. அப்படியே அனுப்பினார்.

அவருடைய வளவுக்கு அடுத்தது பள்ளிவாசலின் மையவாடி, எங்கள் முன்னோர் அடங்கியுள்ள மணல் நிலம். மையவாடி மதிலோரத்துத் தென்னை ஒன்று, வேரைப் பள்ளிவாசலுக்கும் குலையைக் காக்காவுக்குமாகக் கொடுத்துக்கொண்டு சரிந்து நின்றது. பள்ளி நிர்வாகத்தைப் பார்த்துவந்த மரைக்கார், காக்காவின் முற்றத்தில் விழுந்த தேங்காய்களைப் பள்ளிக்குரியவை என்று ஆளனுப்பிப் பொறுக்கினார். காக்கா அன்று மாலையே பேனையைத் திறந்தார். தேங்காயைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மையவாடியின் ஊற்று தம் கிணற்றில் கலப்பதாகவும், நீர் நாறுவதாகவும், நுரைப்பதாகவும், குடும்பமே நோயுற்றதாகவும் எழுதினார்.

முழுப் பொய். கடலுக்கு இத்தனை அருகில் அவ்வளவு இனிய நீர் வேறு கிணற்றில் இல்லை; தெருவே அங்குதான் அள்ளியது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசற் கஞ்சியே அந்த நீரில்தான் காய்ச்சப்பட்டது. காக்கா மூன்று கோப்பை குடிப்பார். வழக்கம்போல அந்தப் பெட்டிசத்துக்கும் பதில் வரவில்லை. மரைக்காரும் காக்காவும் அன்றுமுதல் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிரே வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்ப்பார்கள்.

பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கு வந்தது. தெருமுனைகளைப் பீப்பாய்களாலும் கயிற்றாலும் அடைத்தார்கள். பள்ளிவாசல் கதவு மூடப்பட்டது. காக்கா, தம் ஆட்டையும் கிருமிநாசினிக்காரர்கள் சேர்த்து நனைத்துவிட்டார்கள் என்று பெட்டிசம் எழுதி, கம்பொன்றின் நுனியில் செருகி, சமூக இடைவெளி பேணி, வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டினார். அதுவரையில் எங்களால் சிரிக்க முடிந்தது.

அதன்பின் வந்தது அரசாங்கத்தின் அந்தக் கட்டளை. தொற்றால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும். புதைத்தால் நிலத்தடி நீரில் நோய் கலந்துவிடுமாம். மற்ற நாடுகள் புதைத்துக்கொண்டுதான் இருந்தன. அந்நாடுகளின் மண்ணுக்குக் கீழே நீர் இல்லை போலும்! மையத்தை, அதாவது இறந்த உடலை, நெருப்பு தொடலாகாது என்பது எங்கள் மார்க்கம்; அது தெரிந்தே கொள்ளியை நீட்டினார்கள். காய்ச்சலைவிட மருத்துவமனையை அஞ்சத் தொடங்கினோம். இருமலைத் தலையணையில் அமுக்கினோம். பிழைத்திருக்கக்கூடியவர்கள் வீட்டிலேயே கிடந்து இறந்தார்கள்.

மரைக்காருக்கு மூச்சு முட்டியது. மகள் நசீமா வேறு வழியின்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். மறுநாள் அவர் இறந்தார். இறந்தபின் சோதித்துத் தொற்று என்றார்கள். எரிப்பதற்கு ஒப்பமிடுமாறு கேட்டபோது நசீமா மறுத்து வீடு வந்தாள். வந்தவள் நேரே காக்காவின் வேலியோரம் நின்றாள்.

"மாமா, வாப்பாவோட உங்களுக்குக் கோவம். ஓம், தெரியும். ஆனா எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்கதான். நம்மட மையவாடியில அடக்கக் கேட்டு எழுதித் தாங்க."

"கோவம் மனிசனோட, புள்ள. மையத்தோட என்ன கோவம்?" என்றார் காக்கா. அப்போதே எழுதினார்.

மறுநாட் காலை நசீமா, காக்கா, நான் மூவரும் அலுவலகத்துக்குப் போனோம். பொலித்தீன் திரைக்குப் பின்னால் இருந்த அதிகாரி விண்ணப்பத்தை வாசித்தார். எழுந்துபோய்ப் பழைய கோப்பொன்றைத் தேடியெடுத்து வந்தார்.

"ஐயா, இதும் நீங்க எழுதினதுதானே? மையவாடித் தண்ணி கிணத்தில கலக்குதெண்டு?"

வாழ்நாள் முழுவதும் எழுதியவற்றுள் ஓர் அலுவலகம் முதன்முதலாக அக்கறையோடு வாசித்த பெட்டிசம் அதுதான். காக்காவின் முகம் சுண்ணாம்பாயிற்று. நசீமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது பொய், சேர்."

"எழுத்தில இரிக்கே."

"எழுதினவன் நான். நானே சொல்றன், பொய்யெண்டு! தேங்காய்க் கோவத்தில எழுதினது. இந்தாங்க, அந்தக் கிணத்துத் தண்ணி!" வழியில் குடிக்கக் கொண்டுவந்த போத்தலைத் திறந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, மடமடவென்று குடித்தார்.

"மாஸ்க்கப் போடுங்க! மாஸ்க்கப் போடுங்க!" அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"நான் மௌத்தாகல்லயே, உசிரோடதானே இரிக்கன், சேர்! நாப்பது வருசமாக் குடிக்கன்!"

"அப்ப, அது பொய்யெண்டும் எழுத்தில தாங்க."

வெளியே மதிற்சுவரில் தாளை அழுத்தி எழுதினார். 'மேற்படி கிணற்றின் மேற்படி உரிமையாளனாகிய நான் ஒரு பொய்யன். என் நீர் நல்ல நீர். மரைக்கார் நல்ல மனிதர். அவர் மீது நான் கொண்ட கோபமே நாறியது.' என்னிடம் நீட்டினார். நான்கு பிழைகள் இருந்தன. ஒன்றையும் நான் தொடவில்லை.

அதிகாரி முத்திரை குத்தினார். தேதியிட்டார். பழைய பொய்க்குக் கீழே புதிய உண்மையை வைத்து, கோப்பை மூடினார்.

இரண்டு நாட்களின் பின், மகளின் ஒப்பமின்றியே, வேறோர் ஊரில் வைத்து மரைக்காரை எரித்துவிட்டார்கள். செய்தி நசீமாவுக்குத் தொலைபேசியில் வந்தது. அவள் வீட்டு வேலிக்கு அப்பால் அவளும் இப்பால் நானும் காக்காவுமாக நின்றோம்.

"எல்லாம் என்னாலதான், புள்ள" என்றார் காக்கா.

"உங்கட கடதாசி இல்லாட்டி வேறொண்டக் காட்டியிருப்பாங்க, மாமா" என்றாள் நசீமா. தொலைபேசியை அணைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போற அண்டு வாப்பா தேத்தண்ணி கேட்டார். உங்கட கிணத்துத் தண்ணியிலதான் ஊத்திக் குடுத்தன். நல்லாயிரிக்கெண்டு முழுக்கக் குடிச்சார்" என்றாள்.

எவரையும் திட்டவே நான் கண்டிருந்த அந்த மனிதர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததை அன்றுதான் கண்டேன்.

மாதங்கள் கழித்து, தொலைவில் ஓரிடத்தில் மட்டும் புதைக்கலாம் என்றார்கள். அதற்கும் பிறகு, எங்கும் புதைக்கலாம் என்றார்கள். நாட்டின் நிலத்தடி நீர் ஒரே அறிவித்தலில் தூய்மை பெற்றுவிட்டது! எரிக்கச் சொன்ன அறிஞர்கள் எவரும், காக்காவைப் போல, நான் பொய்யன் என்று ஒரு வரி எழுதித் தரவில்லை.

காக்கா இப்போது எவர்மீதும் எழுதுவதில்லை. சேவல்கள் விரும்பியபோது கூவுகின்றன. அவருக்கு ஒரே கோரிக்கைதான் மிஞ்சியிருக்கிறது: அந்தப் பழைய பொய்யைக் கோப்பிலிருந்து எடுத்துத் தரவேண்டும். வைத்த தாளை எடுக்க விதியில்லை என்கிறார்கள். மாதந்தோறும் போகிறார்; நானும் கூடப் போகிறேன். இல்லையென்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

"நீங்க ஏன் சேர் அலையிறீங்க? முழங்கால் நோகுதெண்டீங்களே?" என்று ஒவ்வொரு முறையும் என்னைக் கடிந்துகொள்வார். நோகத்தான் செய்கிறது, பேருந்தின் படிகளும் உயரம். ஆயினும் அவருடைய பக்கத்து இருக்கையில் வேறொருவர் அமர்வதை நான் விரும்பவில்லை.