ஆறு இஞ்ச் பைபாஸ்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த பெரிய காரியம், நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி இயங்கும் 'உன்னதம் கார்பன்ஸ்' கம்பெனி தன் பாய்லருக்கு பைபாஸ் லைன் போட்டதுதான். இதை மறுப்பவர்கள், அதற்காக நடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை, அதாவது 'மினிட்ஸ்' படிக்காதவர்கள்.

பாய்லருக்குத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு தானியங்கி வால்வு உண்டு. அது பழுதானால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போக ஒரு பக்கக் குழாய், அதில் கையால் திருகும் ஒரு வால்வு. பைபாஸ் என்பது இவ்வளவுதான். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் நிர்வாகத்துக்கு லாயக்கற்றவர்கள். மேலாளர் விஜயராஜ் தலைமையில் ஏழு பேர் குழு நான்கு முறை கூடியது. நான்கு முறையும் முந்திரி பக்கோடா வந்தது.

"ரெண்டு இஞ்ச் போதும் சார். தண்ணிய அளவா கூட்டிக் கொறைக்க க்ளோப் வால்வு போடலாம்," என்றார் எஞ்சினியர் செங்குட்டுவன்.

"ரெண்டு இஞ்சா? நம்ம கம்பெனிக்கா?" விஜயராஜின் மனம் புண்பட்டது. "ஆறு இஞ்ச் போடுங்க. முதலாளி வந்தா கண்ணுல பட வேணாமா?"

"மெயின் குழாயே நாலு இஞ்ச்தான் சார்."

"அப்ப அதைத் தாண்டிட்டோம்னு எழுதிக்குங்க."

ஸ்டோரில் ஆறு இஞ்ச் கேட் வால்வு ஒன்று சும்மா கிடந்தது. கேட் வால்வுக்கு முழுசாகத் திறக்கத் தெரியும், முழுசாக மூடத் தெரியும். நடுவில் நிறுத்தினால் உதறும். அதை வைத்து அளவாகத் தண்ணீர் விடுவது, ஏரி மதகைத் திறந்து ஒரு டம்ளர் பிடிப்பது மாதிரி. 'இருப்பதைப் பயன்படுத்துதல்' என்ற உயரிய கொள்கையின்படி அதுவே தேர்வானது. செங்குட்டுவனின் கருத்து 'பதிவு செய்யப்பட்டது', அதாவது குப்பைக்குப் போனது.

மறுமாதமே தானியங்கி வால்வு படுத்துவிட்டது. கழற்றி சர்வீசுக்கு அனுப்பினார்கள், ரெண்டே வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். அது ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை.

அன்றிலிருந்து காலை ஏழு முதல் மாலை ஏழு வரை, பாய்லர் எரியும் நேரமெல்லாம், பைபாஸ் வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் இளவழகன். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, காண்ட்ராக்ட் வேலை. கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டம் ஏறினால் கட்டைவிரல் அளவு மூடுவான், இறங்கினால் அதே அளவு திறப்பான். ரொம்ப இறங்கினால் பாய்லர் வெடிக்கும், சுற்றி நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அந்தப் பயத்திலேயே அவனுக்குக் கை பழகிவிட்டது. வீட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு அதையே முறைத்துக்கொண்டிருப்பான்.

"இங்க எந்த மட்டத்தப் பாத்துக்கினு இருக்கீங்க? சாப்பிடுங்க," என்பாள் மனைவி வெண்மதி.

இந்த வருஷம் பாய்லர் பிரிவில் ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் வந்தது. வயது வரம்பு நாற்பது. இளவழகனுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. "இந்தத் தடவ வுட்டா அவ்ளோதாங்க," என்று சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள் வெண்மதி.

"அர மணி நேரம் நான் புடிச்சிக்கிறேன், போயிட்டு வா," என்று செங்குட்டுவனே வால்வருகில் நின்றுகொண்டார்.

இன்டர்வியூவில் விஜயராஜும் பர்சனல் ஆபீசர் மலர்விழியும் இருந்தார்கள்.

"தானியங்கி வால்வுல எத்தனை வருஷ அனுபவம்?" மலர்விழி கேட்டார்.

"அதக் கழட்டிக்கினு போயி ஆறு வருஷம் ஆவுதுங்க மேடம். நான் பைபாஸ்லதாங்க நிக்கிறேன்."

மலர்விழி வரைபடத்தை விரித்தார். "ட்ராயிங்ல பைபாஸ் வால்வு எப்பவும் மூடியிருக்கும்னு போட்டிருக்கே."

"தொறந்துக்கினுதாங்க இருக்கு. நான்தான் புடிச்சிக்கினு இருக்கேன்."

"ட்ராயிங் தப்பாகாதுப்பா. ஆடிட்ல பரிசு வாங்கின ட்ராயிங்," என்றார் விஜயராஜ், மிகுந்த அன்போடு. "மூடியிருக்கிற வால்வுக்கு ஆள் எதுக்கு? ஆளே இல்லாத இடத்துல உனக்கு அனுபவம் எப்படி வந்துது?"

இளவழகனின் ஆறு வருஷமும் கண்ணெதிரே ஆவியாகிப் போயின. "அப்ப இத்தினி நாளு பாய்லர்ல தண்ணி எப்பிடிங்க நின்னுது?"

"அது நிர்வாகத் திறமை," என்றார் விஜயராஜ். மலர்விழி அதை எழுதிக்கொண்டார்.

மேசைமேல் ஃபோன் அடித்தது. செங்குட்டுவனின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "சார், மட்டம் எறங்கிக்கிட்டே போகுது. எனக்கு நிக்க மாட்டேங்குது. அவன உடனே அனுப்புங்க."

விஜயராஜின் முகம் வெளுத்தது. இளவழகன் யாரும் சொல்வதற்கு முன்பே எழுந்து கதவருகே போய்விட்டான்.

"ஓடுப்பா, ஓடு," என்று பின்னாலிருந்து விஜயராஜ் கத்தினார். "நீ போய் மொதல்ல வால்வைப் புடி. நீ அங்க இல்லைங்கறதை நாங்க எழுதி முடிச்சுடறோம்."