டென்ட்ரோபியம் விஷயமாக என் ஆட்சேபணை

திருவரங்குளம்,
ஈசுவர வருஷம் மாசி மாதம் 6ஆம் தேதி.

பர்மா, மோல்மீனில் தேக்கு மரக் கம்பெனி ரைட்டராக இருக்கும் மைத்துனர் அழகுமலைக்கு, புதுக்கோட்டை சமஸ்தானப் போலீஸில் இருபத்தெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்து ஏட்டாக ஓய்வுபெற்ற உமது மச்சான் வெள்ளைச்சாமி எழுதுவது. இவ்விடம் ஈசுவரன் கிருபையால் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் ஆரம்பித்திருக்கிறேன். உண்மையில் இவ்விடம் யாரும் க்ஷேமமாக இல்லை. அதற்குக் காரணம் நீர்.

போன ஆவணியில் ஊருக்குத் திரும்பிய ஆள் ஒருவர் வசம் நீர் ஒரு பிரம்புக் கூடை கொடுத்தனுப்பினீர். தாய்மாமன் கூடை என்றதும் உம் அக்காள் பிரகதாம்பாள், மகள் சொர்ணவல்லிக்குப் பர்மாப் பட்டு வந்துவிட்டது என்று விளக்கேற்றி வைத்துப் பிரித்தாள். உள்ளே இருந்தது பாசியும் வேரும் சுள்ளியும். கூடவே ஒரு கடிதம். உமது எழுத்து கடுகிலும் சிறியது, என் கண்ணோ உமக்குத் தெரிந்ததே, ஆகையால் சொர்ணவல்லிதான் நின்றபடியே வாசித்தாள். மூன்றும் ஆர்க்கிட் என்கிற பூச்செடிகளாம், டென்ட்ரோபியம் என்ற ஒரே குடும்பமாம், ஆனால் இனம் வேறாம், ஒன்று மாஸ்காட்டம், ஒன்று ஃபார்மெரி, ஒன்று பியரார்டியாம். மூன்று பெயரில் திரிந்த கேடியை நான் பிடித்திருக்கிறேன், ஒரு குடும்பத்தில் ஒருவர் பெயர்கூட வாயில் நுழையாமல் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். இவை காட்டில் மரக்கிளைமேல் உட்கார்ந்திருக்குமாம், ஆனால் மரத்திடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாதாம், மழையையும் காற்றையும் குடித்தே பிழைக்குமாம். என்ன தொழில் என்று தெரியாமல் அடுத்தவன் தோளில் உட்கார்ந்திருக்கும் ஆசாமியை எங்கள் ஸ்டேஷனில் சந்தேகக் கேஸ் என்று எழுதி உள்ளே வைப்போம்.

மண்ணே கூடாது என்று நீர் எழுதியிருந்தும், "பச்சப் புள்ளையப் பட்டினி போடுவாகளா?" என்று உம் அக்காள் மாஸ்காட்டத்தை ஆட்டெருவில் கழுத்துவரை புதைத்தாள். எட்டாம் நாள் அது அழுகிவிட்டது. ஃபார்மெரியை நானே கொல்லை முருங்கையில் கயிறு போட்டுக் கட்டினேன். அந்தக் கிளை பக்கத்து வீட்டுப் பிச்சையின் சுவருக்கு மேலே கொஞ்சம் போகும், அந்தச் சுவர் விஷயமாக எங்களுக்குள் ஏற்கெனவே பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவன் மூன்றாம் நாள் தானாகவே வந்து, "ஏட்டய்யா, ஒங்க முருங்கையில புல்லுருவி விழுந்திருந்துச்சு, மரம் பட்டுப் போயிருமேன்னு அறுத்து ஆட்டுக்குப் போட்டுட்டேன்" என்று உபகாரம் செய்த முகத்தோடு நிற்கிறான். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மிச்சம் பியரார்டி. அப்போது சொர்ணவல்லிதான் சொன்னாள், "அப்பா, இதுக்கு மண்ணும் வேணாம், எருவும் வேணாம். வாசல் நிலையில கட்டித் தொங்க விட்டுருவோம், ஆகாசக் கருடன் கெழங்கு மாதிரி" என்று. நம் பக்கத்து வழக்கம் நீர் பர்மாவுக்குப் போய் மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். ஆகாசக் கருடன் கிழங்கை வாசலில் கட்டினால் தண்ணீரில்லாமலே துளிர்க்கும், துளிர்த்தால் வீடு சுகமாக இருக்கிறது என்று பொருள், காய்ந்தால் எவனோ ஏவிவிட்ட செய்வினையை அது தன்மேல் வாங்கிக்கொண்டது என்று பொருள். உமது செடி ஐப்பசி மழையில் இரண்டு முழம் கீழே இறங்கி இலையும் தளிருமாகக் கொழித்தது. கப்பலில் வந்த கருடன் என்று வல்லத்திராக்கோட்டையிலிருந்துகூட ஆள் வந்து பார்த்தார்கள். நானும் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு விவரம் சொன்னேன், பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கட்டுமாவடியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீரய்யா கருவாட்டு மொத்த வியாபாரம், இரண்டு தோணி சொந்தம். வயது முப்பத்தெட்டுதான். முதல் தாரம் தவறிவிட்டாள். இரண்டு பிள்ளைகள், அதுவும் நன்றாக வளர்ந்த பிள்ளைகள், தூக்கி வளர்க்கிற தொந்தரவு இல்லை. சொர்ணவல்லிக்குப் பதினேழு முடிந்துவிட்டது, எட்டாவதும் பாஸ் செய்துவிட்டாள், இனி என்ன பாக்கி? பெண்ணைக் கேட்டீர்களா என்று நீர் கேட்பீர். பெண்ணைக் கேட்டுக்கொண்டா உலகத்தில் கல்யாணம் பேசுகிறார்கள்? ஆனாலும் அவளே வந்து, "மார்கழி போகட்டும்ப்பா, தை கடைசியில வரச் சொல்லுங்க" என்று தேதி குறித்துக் கொடுத்தாள். இதைவிடச் சம்மதம் என்ன வேண்டும் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மார்கழி பிறந்தது, செடியில் ஓர் இலை பழுத்தது. பிறகு தினம் நாலு, தினம் பத்து. தை பாதிக்குள் ஓர் இலை மிச்சமில்லை, வாசல் நிலையில் தொங்கியது வெறும் குச்சி, தேய்ந்த விளக்குமாறு. எனக்கு ரத்தம் கொதித்தது. பிச்சைதான் என்று முடிவு செய்து நாலு நாள் ஜன்னல் இடுக்கு வழியாகக் கண்காணித்தேன். அவன் என் வாசல் பக்கம் பார்த்துக் கொட்டாவி விட்டான், அதையும் குறித்து வைத்திருக்கிறேன். செய்வினைத் தகடு ஏதும் புதைத்திருப்பானோ என்று வாசற்படிக்கு அடியில் முழ ஆழம் தோண்டியதில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் காணாமற்போன என் போலீஸ் விசில் கிடைத்தது. அதைத் திருடியதாக அன்று ஒரு கான்ஸ்டபிளை நான் சமஸ்தான எல்லைக்கு மாற்றச் சொல்லி எழுதியிருந்தேன், அது வேறு விஷயம்.

தை கடைசி வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் மீனம்மாள் பதினோரு பேரோடு ஸ்பெஷல் மோட்டார் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நான் கோட்டு மாட்டிக்கொண்டு எதிர்கொண்டேன். அந்த அம்மாள் ஒரு காலைப் படியில் வைத்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"இது என்னங்க?"

"பர்மாவுலேருந்து எந்தம்பி அனுப்புன ஆகாசக் கருடன்" என்றாள் உம் அக்காள். அந்தப் பெருமைதான் எங்களைக் கவிழ்த்தது.

"ஆத்தாடி, கருடனே கருகிப் போய்த் தொங்குதே! கடல் கடந்து வந்ததையே இந்தச் சுடு சுட்டிருக்குன்னா, இந்த வீட்டு மேல யாரு என்னத்த ஏவி வச்சிருக்காகளோ? வேணாம் சாமி. மோட்டார இங்கிட்டுத் திருப்பச் சொல்லுங்க" என்று வைத்த காலை எடுத்துக்கொண்டார். பதினோரு பேரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கேசரியை நாங்கள் மூன்று பேரும் மூன்று நாள் தின்றோம். சொர்ணவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள், தோள் குலுங்கியது, அழுது தீரட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது ஊர் முழுக்க எங்கள் வீட்டில் செய்வினை என்று பேச்சு. மோர் விற்கிறவள்கூடத் தெருவிலிருந்தே கையை நீட்டி ஊற்றுகிறாள். இந்த வீட்டுப் பெண்ணை இனி எவன் கட்டுவான்?

ஆகவே கேட்கிறேன். ஒரு கைதியை இன்னொரு ஸ்டேஷனுக்கு அனுப்பினால் அங்க அடையாளம், குணம், பழைய குற்றம் எல்லாம் எழுதி அனுப்புகிறோமே, செடி அனுப்புகிறவர் அது இலையை உதிர்க்குமா உதிர்க்காதா என்று ஒரு வரி எழுத வேண்டாமா? நீர் உடனே ரஜா போட்டுக் கப்பலேறி வந்து, கட்டுமாவடியில் மீனம்மாள் முன்னால் நின்று, குற்றம் செடியுடையது, வீட்டுடையது அல்ல என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். தவறினால் உமக்கும் எனக்கும் உறவில்லை, இனிமேல் உமக்குக் கடிதமும் எழுதமாட்டேன்.

உம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம், தீர்க்காயுசாக இருக்கட்டும். அதில் உமக்குப் பங்கு கிடையாது.

இப்படிக்கு,
மிகுந்த மனஸ்தாபத்துடன்,
வெள்ளைச்சாமி, ஏட்டு (ஓய்வு).

பின்குறிப்பு: உறைமேல் இங்கிலீஷில் விலாசம் எழுதச் சொல்லிக் கடிதத்தைச் சொர்ணவல்லியிடம் கொடுத்தேன். அவள் விலாசம் எழுதாமல் கடிதம் முழுவதையும் படித்தாள். படித்துவிட்டு, "மாமா மேல தப்பில்லப்பா. பனி மாசத்துல எலை பூராவும் உதிர்ந்துரும், பயப்படாதீங்க, அப்பறம் வெறுங்குச்சியிலதான் பூக்கும்னு எழுதித்தான் இருந்தாக. அன்னைக்கு வாசிக்கிறப்ப அந்த வரிய விட்டுட்டேன், சம்பந்தம் வந்தப்பறமும் நாந்தான் சொல்லல" என்றாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"செடியப் பத்தியா?"

"இல்லப்பா. என்னையப் பத்தி."

மைத்துனரே, இருபத்தெட்டு வருஷம் ஊரில் உள்ளவனையெல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன் நான். என் வீட்டில் இந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. கேட்டேன். திருச்சியில் டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டுமாம், எட்டாவதில் அவளுக்குப் பாடம் சொன்ன அடைக்கலமேரி டீச்சர் விண்ணப்பத் தாள்கூட வாங்கி வைத்திருக்கிறாளாம்.

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம், ஆனால் எழுதிய ரிப்போர்ட்டை நான் கிழித்துப் பழக்கமில்லை. நீர் அதை மதிக்க வேண்டாம். இதைச் செய்யும். இந்த யோசனையை என் வாயால் ஆரம்பித்தால் உம் அக்காள் வீட்டை இரண்டாக்குவாள். ஆகையால் தாய்மாமன் என்ற உரிமையில், பெண்ணைப் படிக்க அனுப்பியே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு கடிதம் எழுதும். தாராளமாகத் திட்டும். நான் முடியாது என்று கூச்சல் போடுவேன். இன்னும் கடுமையாக எழுதும். அதற்கும் மசியமாட்டேன். மூன்றாவது கடிதத்தில் ஒப்புக்கொள்வேன். விண்ணப்பத்துக்குப் பங்குனிதான் கெடு, கப்பல் தபாலை நம்ப முடியாது. ஆகவே மூன்று கடிதங்களையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிவிடவும்.